பள்ளிக்கூடக் கிணற்றின் அடர்த்தி

போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலை, மேசைக்கு வந்த கோப்பைத் திறந்தபோது டீசல் மணத்தது. கடிதம் மணக்கிறது என்று சொன்னால் பக்கத்து மேசை அக்கா சிரிப்பார் என்பதால் வாயைத் திறக்கவில்லை. ஆனால் எந்தத் தாள் நெடுந்தீவுப் போட்டில் வந்தது, எந்தத் தாள் பஸ்ஸில் வந்தது என்று கண்ணை மூடிக்கொண்டே என்னால் சொல்ல முடியும். இயந்திரப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு மணித்தியாலம் கிடந்த பையில் என்ன இருந்தாலும் அந்த மணம் ஏறிவிடும். தாளும் உப்புக் காற்றில் பதமாகி ஓரம் சுருண்டிருக்கும்.

நான் ஒரு கல்வி அலுவலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தராக இருக்கிறேன். பெயர்தான் பெரிது. ஆசிரியர்களின் இடமாற்ற விண்ணப்பங்களைப் பிரித்து, இணைப்புகள் எல்லாம் இருக்கின்றனவா என்று பார்த்து, ஓரத்தில் சுருக்கொப்பம் வைத்து மேலே அனுப்புவது வேலை. எதை அபிவிருத்தி செய்கிறீர் என்று இதுவரை ஒருவரும் என்னைக் கேட்டதில்லை, நானும் கேட்டுக்கொள்வதில்லை.

அந்த விண்ணப்பம் நெடுந்தீவில் படிப்பிக்கிற ஒரு பௌதிகவியல் ஆசிரியருடையது. கடற்பயணம் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை, இடமாற்றம் வேண்டும். வைத்தியச் சான்றிதழ் இருந்தது, அதிபரின் சிபாரிசு இருந்தது. கடைசியாகப் பயிற்சிக் கொப்பியிலிருந்து கிழித்த தாளில் ஒரு மாணவி எழுதிய கடிதம் ஒன்று குத்தப்பட்டிருந்தது. அதில் இருந்தது ஒரே ஒரு வசனம். அதை வாசித்துவிட்டுக் கோப்பை மூடி, எழும்பிப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். என்ன வசனம் என்பதைச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் மதியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மதி என்கிற மதிவதனியும் நானும் நெடுந்தீவில் ஒரே ஒழுங்கையில் வளர்ந்தவர்கள். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்தது ஒரு கல்வேலிதான். சாதாரண தரம் முடிந்ததும் கணிதப் பிரிவு எடுத்தவர்கள் அந்த வருடம் மூன்று பேர். மூன்றாவது பையனை இரண்டாம் தவணையிலேயே மாமா வவுனியாவுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். வசதி இருந்தவர்கள் செய்வது அதைத்தான். மிச்சம் நின்றது மதியும் நானும். அவள் எஞ்சினியராக வர வேண்டும் என்று எடுத்தாள். நான் அவள் எடுத்தாள் என்பதற்காக எடுத்தேன். இதைவிட மோசமான காரணத்தோடு ஒருவர் பௌதிகவியலுக்குள் நுழைந்திருக்க முடியாது.

அவளுடைய காரணம் உருப்படியானது. சின்ன வயதில் அவளும் தாயும் வந்த போட் நடுக்கடலில் நின்றுவிட்டது. ஒன்றரை மணித்தியாலம் ஆடிக்கொண்டு கிடந்தார்கள். எல்லோரும் கும்பிட்டுக்கொண்டிருக்க, வழக்கமாகப் பயணிக்கிற ஒரு கிழவர் சுருட்டை அணைத்து வைத்துவிட்டு, கம்பித் துண்டு ஒன்றால் எதையோ குத்தி எடுத்து இயந்திரத்தை ஓட வைத்தார். மற்றவர்களுக்கு அது கடவுள் செயல். மதி மட்டும் வீடு வரும்வரை, "அவர் எதை வெளியிலை எடுத்தவர்?" என்று தாயைக் கேட்டுக்கொண்டே வந்தாளாம்.

எங்கள் பௌதிகவியல் இரண்டு போட்டுக்கு நடுவில் நடந்தது. எங்களுக்குப் படிப்பித்த சேர் யாழ்ப்பாணத்தில் விடியப்புறம் எழும்பி, பஸ் பிடித்துக் குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வந்து, அங்கிருந்து போட்டில் ஏறி, பள்ளிக்கூடம் வந்துசேர ஒன்பதரை ஆகும். மத்தியானப் போட்டைப் பிடிக்க வேண்டும் என்பதால் ஒரு மணிக்கே கண் மணிக்கூட்டுக்குப் போய்விடும். காற்று எழும்பினால் போட் இல்லை, போட் இல்லையென்றால் பௌதிகவியல் இல்லை. காலையில் பல் தீட்டிக்கொண்டே கடலைப் பார்த்து இன்றைக்குப் பாடம் உண்டா இல்லையா என்று சொல்லிவிடுவோம். சோளகக் காற்று அடித்த ஒரு மாதத்தில் மொத்தம் நாலு நாள்தான் சேர் வந்தார். அந்த நாலு நாளில் அவர் படிப்பித்தது அலைகளைப் பற்றி. அலை இருக்கிற நாளில் அலையைப் பற்றிப் படிப்பிக்க ஆள் இல்லை என்று மதி சொல்லிச் சிரிப்பாள்.

ஆய்வுகூடம் என்று சொன்னது ஒரு அலுமாரியை. அதற்குள் இருந்த வேணியர் இடுக்கி உப்புக் காற்றில் துருப்பிடித்து, இரண்டு தசம் மூன்று சென்றிமீற்றரில் இறுகிப்போய் நின்றது. நாங்கள் எதை அளந்தாலும் இரண்டு தசம் மூன்று. ஒரு கண்ணாடிப் பாளம், முனை உடைந்த வெப்பமானி, வளைந்த கண்ணாடிக் குழாய் ஒன்று, அவ்வளவுதான். வேணியரை மண்ணெண்ணெயில் ஊறவைத்து இளக்க மதி மூன்று கிழமை மினக்கெட்டாள். ஊறியதில் அவளுடைய பாவாடைதான் மணத்தது, வேணியர் அசையவில்லை.

அந்த வளைந்த குழாயில்தான் எல்லாம் தொடங்கியது. ஒரு புயத்தில் தண்ணீரையும் மற்றதில் தேங்காயெண்ணெயையும் விட வேண்டும். எண்ணெய் இலேசானது, உயர நிற்கும். தண்ணீர் தாழ நிற்கும். இரண்டு உயரத்தையும் அளந்து வகுத்தால், எண்ணெய் தண்ணீரின் எத்தனை பங்கு பாரம் என்று வரும். புத்தகத்தில் தசம் ஒன்பது இரண்டு. எங்களுக்குத் தசம் ஒன்பது பூச்சியம். நாற்பது சென்றிமீற்றர் எண்ணெய்க்குத் தண்ணீர் நிற்க வேண்டிய இடத்திலிருந்து ஏழு மில்லிமீற்றர் தாழ்ந்து நின்றது. சேர் கொப்பியைப் பார்த்துவிட்டுச் சிவப்புப் பேனையால் குறுக்கே கோடு இழுத்தார். "அளக்கேக்கை கண்ணை நேராய் வைச்சுப் பாக்கிறேல்லை, அதுதான் பிழை. திருப்பிச் செய்யுங்கோ."

நான் திருப்பிச் செய்யவில்லை. தசம் ஒன்பது இரண்டு வரத்தக்கதாக இரண்டு உயரங்களை யோசித்து எழுதினேன். எனக்குச் சரி விழுந்தது. அதற்காக நான் வெட்கப்பட்டதாக ஞாபகம் இல்லை. மதி பதினொரு தரம் செய்தாள். எண்ணெயைத் துடைத்து, குழாயைக் கழுவி, சுவரோடு நிமிர்த்திக் கட்டி, முழங்காலில் நின்று கண்ணை மட்டத்துக்கு வைத்துப் பார்த்தாள். பதினொரு தரமும் தசம் ஒன்பது பூச்சியம். வீட்டிலிருந்து கொண்டுவந்த தலைக்கு வைக்கிற எண்ணெய் முடிந்துபோய்த் தாயிடம் ஏச்சு வாங்கினாள்.

பிழை என்னவென்று உங்களுக்கு இந்நேரம் பிடிபட்டிருக்கலாம். எங்களுக்குப் பிடிபட ஒரு கிழமை எடுத்தது. பள்ளிக்கூடக் கிணறு உவர்க் கிணறு. மழை பெய்யாத மாதங்களில் அதற்கும் கடலுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. கழுவ, துடைக்க, கக்கூசுக்கு என்று எல்லாவற்றுக்கும் அந்தத் தண்ணீர்தான். குடிக்கிற தண்ணீர் வேறு. அதை ஒரு கட்டைத் தூரத்துக்கு அப்பால் இருக்கிற நல்ல தண்ணிக் கிணற்றில் வரிசையில் நின்று அள்ளி, தலையிலும் இடுப்பிலும் சுமந்து வர வேண்டும். மதியும் நானும் பள்ளிக்கூடம் வருவதற்கு முன் ஆளுக்கு இரண்டு நடை போய் வருவோம். அப்படிக் கொண்டுவந்த தண்ணீரை ஒரு கண்ணாடிக் குழாய்க்குள் ஊற்றி, அளந்துவிட்டு வெளியே ஊற்றலாம் என்ற எண்ணம் எங்கள் ஊரில் பிறந்த ஒரு பிள்ளைக்கு வராது. தண்ணீர் எடுத்து வாருங்கள் என்று புத்தகம் சொன்னால் நாங்கள் வாளியைக் கொண்டு உவர்க் கிணற்றுக்குத்தான் போவோம். யோசிக்கவே மாட்டோம். சேருக்கு அது தெரியாது. அவர் அந்தத் தண்ணீரை ஒருநாளும் வாயில் வைத்துப் பார்த்ததில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வருகிற எல்லா ஆசிரியர்களையும் போல வீட்டுத் தண்ணீரைப் போத்தலில் கொண்டுவந்துவிடுவார்.

ஒருநாள் அவர் அந்தப் போத்தலைத் திறந்து இரண்டு மிடறு குடித்துவிட்டு மேசையில் வைத்தார். மதி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"சேர், உதிலை கொஞ்சம் தருவியளோ?"

"ஏன் பிள்ளை, விடாய்க்குதோ?"

"இல்லை சேர். குழாய்க்கு விட்டுப் பாக்க."

அவர் முகத்தில் ஒரு தயக்கம் வந்தது. திரும்பிப் போகிற போட்டில் சத்தி வந்தால் வாய் கொப்பளிக்க அதுதான் இருந்தது. குற்றம் சொல்லக் கூடாது, அரைப் போத்தலைக் கொடுத்தார். மதி அதைத் துளி சிந்தாமல் விட்டாள். மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். முப்பத்தாறு தசம் எட்டு. தசம் ஒன்பது இரண்டு.

"வந்திட்டுது. இதை எழுதுங்கோ. பழைய பக்கத்தைக் கிழிச்சுப் போடும்," என்றார் சேர்.

மதி கிழிக்கவில்லை. பழைய பக்கத்துக்குக் கீழேயே கணக்கை மறுபக்கமாகப் போட்டாள். எண்ணெயின் பாரம் தெரியும் என்றால், இந்தக் குழாயை வைத்து எங்கள் கிணற்றுத் தண்ணீரின் பாரத்தைக் கண்டுபிடிக்கலாம். "சேர், பள்ளிக்கூடக் கிணத்திலை லீற்றருக்கு இருவது கிராம் கூட வருது. ஒரு வாளியிலை இருநூறு கிராம். மாரியிலை குறையுமோ எண்டு மாதம் மாதம் அளந்து பாக்கலாம் சேர்," என்று அவள் மூச்சு விடாமல் சொன்னாள். நான் அவளை அப்படி ஒருநாளும் கண்டதில்லை. தானாக ஒன்றைக் கண்டுபிடித்தவளின் முகத்தை நான் பக்கத்தில் இருந்து பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

சேர் மணிக்கூட்டைப் பார்த்தார். "உது சோதினைக்கு வராது பிள்ளை. போட் வெளிக்கிடப் போகுது," என்று சொல்லி, போத்தலை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார். அவர் ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருக்கலாம். ஒரு 'ஓம்' போதும்.

ஆனால் அவரை வில்லனாக்கிவிட்டு நான் தப்பிக்க முடியாது. அவருக்குக் கடல் உண்மையிலேயே ஒத்துவரவில்லை. பல நாள் வெளிறிய முகத்தோடு வந்து, முதல் அரை மணித்தியாலம் கதிரையில் கண்ணை மூடிக்கொண்டு இருப்பார். வீட்டில் கைக்குழந்தை. ஒருமுறை குழந்தைக்குக் காய்ச்சல் கூடி ஆஸ்பத்திரியில் வைத்திருக்க, கடல் கொந்தளித்து இரண்டு நாள் இங்கேயே மாட்டிக்கொண்டார். தீவின் ஒரு முனையில் மட்டும் சிக்னல் வரும். மனிதர் அந்த முனையில் போனைப் பிடித்துக்கொண்டு குந்தி இருந்ததை ஊரே பார்த்தது.

அடுத்த மாதம் ஒருநாள் பாடம் முடிந்தும் அவர் போட்டுக்கு ஓடவில்லை. கதவைச் சாத்திவிட்டு எங்கள் முன்னால் வந்து இருந்தார். எழுதிய தாள் ஒன்றை மேசையில் விரித்தார்.

"பிள்ளையள், ஒளிக்காமல் சொல்லுறன். வகுப்பு இருக்குமட்டும் என்னை இஞ்சையிருந்து மாற விடமாட்டினம். நீங்கள் ரெண்டு பேரும் கலைப்பிரிவுக்கு மாறுறம் எண்டு எழுதித் தந்தால் விடுவினம். உங்களுக்கும் அதுதான் நல்லது. இப்பிடிப் படிச்சு இந்தப் பாடம் பாஸ் பண்ண ஏலாது. ஆர்ட்ஸ் எண்டால் நல்ல ரிசல்ட் எடுக்கலாம்."

தாளில் இருந்தது இதுதான்: 'எவருடைய தூண்டுதலுமின்றி எமது சுயவிருப்பின் பேரில் நாம் கலைப்பிரிவுக்கு மாறுகின்றோம்.' கீழே இரண்டு கோடுகள்.

மதி தாளைத் தொடவே இல்லை. "நான் மாறேல்லை சேர்," என்றாள்.

பிறகு அவர் என்னைப் பார்த்தார். நான் பேனையைத் தேடினேன். என் பேனை மை முடிந்து எழுதவில்லை. மதியின் பேனை மேசையில் கிடந்தது. அதை எடுத்துத்தான் கையெழுத்து வைத்தேன். அவள் தடுக்கவில்லை. வைத்து முடிய, பேனையை வாங்கி மூடியைப் போட்டுக்கொண்டாள்.

சேரின் குழந்தைக்காக இரங்கித்தான் கையெழுத்து வைத்தேன் என்று கம்பஸில் படித்த காலம் முழுவதும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கேட்டவர்கள் என் மனசைப் பாராட்டினார்கள். சுத்தப் பொய். அந்தத் தவணைச் சோதினையில் எனக்குப் பதினேழு புள்ளி. மதிக்கு அறுபத்தெட்டு. அந்தப் பதினேழிலிருந்து தப்ப ஒரு கதவு திறந்தது, ஓடிவிட்டேன். அவ்வளவுதான் விஷயம்.

ஒரு ஆளுக்கு வகுப்பு நடத்த ஏலாது என்று அதிபர் சொல்லிவிட்டார். ஆக, என் ஒரு கையெழுத்தே போதுமானதாக இருந்தது. சேர் விடுவிக்கப்பட்டார். மின்னியல் அரைவாசியில் நின்றது. மதி பேருக்குக் கணிதப் பிரிவில் இருந்தாள். இணைந்த கணிதத்துக்கு ஊர் ஆசிரியர் ஒருவர் இருந்தார், இரசாயனவியலுக்கு ஊர்காவற்றுறையிலிருந்து வந்து தங்கியிருந்த ரீச்சர் இருந்தார். பௌதிகவியலுக்குக் கதிரை மட்டும் இருந்தது. அந்தப் பாட நேரத்தில் அவள் வெறும் வகுப்பில் தனியாகப் புத்தகத்தை வைத்துக்கொண்டு இருப்பாள். நான் இந்து நாகரிகம் படிக்க அந்த யன்னலைத் தாண்டித்தான் போக வேண்டும். முதல் இரண்டு மூன்று நாள் எட்டிப் பார்த்தேன். அதன் பிறகு மைதானத்தைச் சுற்றிப் போகப் பழகிக்கொண்டேன்.

ரிசல்ட் வந்தது. கணிதத்தில் அவளுக்கு பி, இரசாயனத்தில் சி. பௌதிகவியலில் சித்தியில்லை. ஒன்று போனால் எல்லாம் போச்சு, கம்பஸ் இல்லை. யாழ்ப்பாணத்தில் அறை எடுத்து இரண்டாம் தரம் எடுக்க வீட்டில் வழியில்லை. தகப்பனுக்கு இருந்தது பத்து மாடும் கொஞ்சப் பனையும். எனக்குக் கலைப்பிரிவில் மூன்று பாடமும் நல்லாய் வந்தது. அம்மா பொங்கிக் கல்வேலிக்கு மேலால் அவர்கள் வீட்டுக்கும் கொடுத்தார். மதி வாங்கித் தின்றாள். அவள் கோபித்து எறிந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

இப்போது அவளுக்கு இரண்டு பிள்ளைகள், புருஷன் கடல் தொழில். போன வருடம் கோயில் திருவிழாவுக்குப் போனபோது அவள் வீட்டுக்கும் போனேன். பள்ளிக்கூடக் கிணற்றுக்குக் கொங்கிறீற் மூடி போட்டுவிட்டார்கள். தண்ணீரைச் சுத்திகரித்துக் குழாயில் விடுகிறார்கள். ஒழுங்கை முனையில் பைப் திறந்தால் வருகிறது. தலைச்சுமை இல்லை, வரிசை இல்லை. குசினியிலிருந்து ஒரு தம்ளர் கொண்டுவந்து தந்தாள்.

"தண்ணி இப்ப நல்லாயிருக்கு," என்றேன்.

"ஓம்," என்றாள். தம்ளரைத் திருப்பி வாங்கி, மிச்சத்தைப் பூவரசுக்கு ஊற்றிக்கொண்டே, "இப்ப அளந்தால் சரியா வரும்," என்றாள்.

என் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் போனது. திரும்பி வருகிற போட்டில், பதினைந்து வருடத்துக்குப் பிறகு, ஆட்கள் பார்க்க அழுதேன். பக்கத்தில் இருந்த மனுசி கடல் ஒத்துவரவில்லையாக்கும் என்று நினைத்து, மணந்து பார்க்க எனக்கு ஒரு தேசிக்காய் தந்தார்.

இப்போது அந்தக் கோப்பு. கொப்பித் தாளில் மாணவி எழுதியிருந்த வசனம்: 'எவருடைய தூண்டுதலுமின்றி எனது சுயவிருப்பின் பேரில் நான் கலைப்பிரிவுக்கு மாறுகின்றேன்.' நாம் என்பது நான் ஆகியிருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். அந்த வசனத்தை ஆர் ஆருக்குக் கொடுத்து, எந்த மேசை லாச்சிக்குள் இருந்து வந்ததோ தெரியாது. கையெழுத்து பிள்ளைக் கையெழுத்து, கடைசி எழுத்தில் மை ஊறியிருந்தது. விண்ணப்பத்தில், பாடம் பயிலும் மாணவர் தொகை என்ற இடத்தில் ஒன்று என்று எழுதி, பிறகு அதை வெட்டி ஒரு சின்னக் கோடு போட்டிருந்தார்கள்.

கோப்பை மற்றக் கோப்புகளுக்கு அடியில் நாலு நாள் வைத்திருந்தேன். நான் செய்த போராட்டம் அந்த நாலு நாள்தான். பள்ளிக்கூடத்துக்கு ஒரு போன் எடுத்து அந்தப் பிள்ளையோடு கதைக்கலாம் என்று இரண்டு தரம் நம்பரைத் தட்டினேன். என்ன சொல்வது? மாறாதே என்று சொன்னால், படிப்பிக்க ஆர் வருவார்கள் என்று அவள் கேட்பாள். ஐந்தாம் நாள் மேலதிகாரி, "அந்த நெடுந்தீவுக் கோப்பு எங்கை?" என்று கேட்டார். அடியிலிருந்து இழுத்து எடுத்தேன். இணைப்புகள் எல்லாம் சரியாக இருந்தன. ஓரத்தில் சுருக்கொப்பம் வைத்தேன். இந்த முறை என்னிடம் என்னுடைய பேனையே இருந்தது.

நேற்றுப் புதிய பட்டியல் வந்தது. அந்தப் பள்ளிக்கூடத்துக்கு நேரே, உயர்தரப் பாடங்கள் என்ற இடத்தில் பௌதிகவியல் இல்லை. வெற்றிடம் என்றுகூடப் போடவில்லை, ஏனென்றால் படிக்கிற பிள்ளை இல்லாத இடத்தில் வெற்றிடமும் கிடையாது. ஊரில் இப்போது நல்ல தண்ணீர் எவ்வளவு வேண்டுமானாலும் வருகிறது, ஒரு குழாய்க்குள் ஊற்றி அளந்துவிட்டு வெளியே ஊற்றலாம், ஒரு தாயும் ஏசமாட்டாள். அலுமாரிக்குள் அந்தக் கண்ணாடிக் குழாய் உடையாமல் இருக்கிறதா என்று மதியிடம் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன். இன்னும் கேட்கவில்லை.